ஃபாபியன் பார்தெஸ்

ஃபாபியன் பார்தெஸ் (பிறப்பு: 28 ஜூன் 1971, லவலானே) 1998இல் உலகக்கோப்பையை வென்ற பிரான்ஸ் கால்பந்து அணியின் கோல்காப்பாளர். மழித்த தலையாலும் கோல் பகுதியை விட்டுத் துணிந்து முன்னேறி ஆடும் பாணியாலும் அறியப்பட்டவர். தந்தை அலென் பார்தெஸ் ரக்பி வீரர்.

1991இல் துலூஸ் அணிக்காக முதல் பிரிவில் அறிமுகமாகி, மறு ஆண்டே மார்சேய் சென்றார். 1993 மே மாதம் ஏசி மிலானை 1–0 என வென்று மார்சேய் ஐரோப்பிய சாம்பியனானபோது அவருக்கு வயது 21. ஆட்ட முடிவை விலைபேசிய ஊழலால் அந்த அணி இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது; பார்தெஸ் உடனே விலகாமல் ஒரு பருவம் அங்கேயே ஆடினார். பிறகு மொனாக்கோவுடன் 1997, 2000 ஆண்டுகளில் பிரெஞ்சு லீக் பட்டம் வென்றார்.

1998 உலகக்கோப்பைதான் அவரது உச்சம். ஏழு ஆட்டங்களில் அவரைத் தாண்டிச் சென்றவை இரண்டே கோல்கள். அவற்றிலும் ஒன்று பெனால்டி. இத்தாலிக்கு எதிரான காலிறுதி பெனால்டி மோதலில் அல்பெர்தினியின் உதையைத் தடுத்தார். ஆட்டம் தொடங்குமுன் சக வீரர் லோரான் பிளான் அவர் மொட்டைத் தலையில் முத்தமிடுவது அணியின் சடங்காகவே ஆனது. தொடரின் சிறந்த கோல்காப்பாளருக்கான யாஷின் விருதும் அவருக்கே கிடைத்தது. 2000இல் ஐரோப்பியக் கோப்பையும் சேர்ந்தது.

அதே ஆண்டு மான்செஸ்டர் யுனைடெட் அவரை வாங்கியது. இரண்டு பிரீமியர் லீக் பட்டங்கள் பெற்றபோதும், இங்கிலாந்து ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பது வேறொன்றை. 2001 ஜனவரியில் வெஸ்ட் ஹாமின் பாவ்லோ டி கானியோ தனியே பந்துடன் வர, ஆஃப்சைடு என்பதுபோல் கையைத் தூக்கியபடி நின்றார் பார்தெஸ். நடுவர் விசில் ஊதவில்லை. டி கானியோ கோலடித்தார், ஆட்டம் 1–0 என முடிந்தது. மற்றவர் ஆடத் தயங்கும் ஆட்டத்தை ஆடியவருக்கு இத்தகைய அவமானங்களும் கூடவே வந்தன.

மார்சேய்க்குத் திரும்பியபின் 2004 யூஇஎஃப்ஏ கோப்பை இறுதியாட்டத்தில் சிவப்பு அட்டை பெற்றார். 2005இல் மொராக்கோவில் நடந்த நட்பு ஆட்டத்தில் நடுவர்மீது எச்சில் உமிழ்ந்ததற்காகப் பல மாதத் தடை விழுந்தது. இதற்குச் சாக்குச் சொல்ல வழியில்லை. ஆயினும் 2006 உலகக்கோப்பைக்கு, லியோனின் கிரெகோரி கூப்பேயை விலக்கிப் பயிற்சியாளர் ரேமோன் தொமெனெக் இவரையே முதல் தேர்வாக்கினார். பெர்லின் இறுதியாட்டத்தில் பிரான்ஸ் இத்தாலியிடம் பெனால்டிகளில் தோற்றது. நாட்டுக்காக அவர் ஆடியவை 87 ஆட்டங்கள்.

நான்த் அணியில் ஆடிய சில மாதங்களோடு கால்பந்து வாழ்க்கை முடிய, கார் பந்தயத்தில் இறங்கினார். 2013இல் பிரெஞ்சு ஜிடி சாம்பியன் பட்டம் வென்று, மறு ஆண்டு லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபெராரி ஓட்டினார்.