பிரத்தியாகாரமும் தொகைநிலையும்

ஆகாரம் என்பதை நாம் உணவுக்கே உரிய சொல்லாக்கிவிட்டோம் எனினும், உள்ளே கொண்டுவரப்படுவது என்பதே அதன் வேர்ப்பொருளாதலால், 'பிரதி' என்னும் முன்னொட்டுச் சேர்ந்து பிரத்தியாகாரம் ஆகும்போது, வெளியே சென்றதைத் திரும்பக் கொணர்தல் என்னும் கருத்து இயல்பாகவே பிறந்துவிடுகிறது. மைத்ராயணீய உபநிஷத்து யோகத்தின் ஆறு அங்கங்களுள் ஒன்றாக இதைச் சொல்லிற்று. பதஞ்சலி எட்டனுள் ஐந்தாவதாக வைத்தார். திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் இதற்கெனத் தனிப் பகுதியே வகுத்தார். பாணினீய இலக்கணிகளோ, உயிரெழுத்துகள் அனைத்தையும் 'அச்' என்னும் ஓரசையில் அடக்கிக் காட்டும் சுருக்கக் குறியையும் பிரத்தியாகாரம் என்றே வழங்கினர்.

பலவற்றை ஒன்றில் கூட்டும் இந்தப் பொருளை நம் பழைய உரைமரபு நன்கு பற்றிக்கொண்டு, யோகத்தின் ஐந்தாம் அங்கத்துக்குத் 'தொகைநிலை' என்று பெயரிட்டது. புலனடக்கம் என்று பிற்காலத்தில் பெருவழக்காகிவிட்ட சொல்லைவிட இதுவே சாலச் சிறந்தது என்பது என் துணிபு. அடக்கம் என்னும் சொல் சிலரை நோகச்செய்வதே இதற்குக் காரணம். ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர் வழங்கும் கவனக்குறைவு நிலையில் உள்ளவர் பலருக்கு மின்விசிறியின் கிரீச்சொலியும், குழல்விளக்கின் மினுக்கலும், சட்டைக் கழுத்தின் உறுத்தலும், அடுத்த வீட்டுக் குக்கரின் விசிலும் ஒரே வேளையில் ஒரே வலிமையோடு வந்து மோதுகின்றன. அடங்கு, அசையாதே என்று இளமை முதல் கேட்டுக் கேட்டு நொந்த அவர்களிடம் யோகமும் அடக்கு என்றே சொல்லுமாயின், அது அவர்களுடைய துயரைப் பெருக்குமேயன்றித் தணிக்காது.

மனம் விஷயங்களை விட்டு மீளும்போது இந்திரியங்கள் தாமே அதைப் பின்பற்றும் என்பது பதஞ்சலியின் கொள்கை. ஆனால் முன்னின்று நடத்த வேண்டிய அந்த மனமே நிலைகொள்ளாது அலைபவர் யாது செய்வர்? யோக யாக்ஞவல்கியம் இவ்விடத்தில் பேருபகாரம் செய்கிறது. கால் பெருவிரல் முதல் உச்சந்தலை வரை 18 மர்மஸ்தானங்களை எண்ணிக் காட்டி, பிராணனை மனத்தால் ஒவ்வோரிடத்தும் நிறுத்தி, அங்கிருந்து மற்றோரிடத்துக்கு ஈர்த்துச் செல்வதையும் அந்நூல் பிரத்தியாகாரம் என்றே கூறுகிறது. சும்மா இரு என்னும் கட்டளை இங்கே இல்லை. அலையும் மனத்துக்கு அலைவதற்கே உடம்பினுள் ஒரு வழி கிடைத்துவிடுகிறது.

மருந்தையும் மருத்துவரையும் விலக்குவதற்கு இப்பயிற்சி காரணமாகலாகாது. இரைச்சல் மிக்க இடத்தினின்று எழுந்து, விளக்கைத் தணித்து, கண்மூடி, பெருவிரல், கணுக்கால், முழங்கால் என மெல்லச் செல்க; நடுவே மனம் குக்கர் ஒலிக்குப் போய்விட்டால், தன்னை நொந்துகொள்ளாமல், நினைவிலுள்ள கடைசி இடத்திலிருந்தே தொடரலாம்.