கடிக்கிற கொசுவும் பார்க்கிற கொசுவும்

2025 ஜூனில் சீன ராணுவத் தொலைக்காட்சி ஒரு மாணவரின் இரு விரல்களுக்கு நடுவே ஒரு கொசுவைக் காட்டியது. ஹூனான் மாநிலத்தில் உள்ள தேசியத் தற்காப்புத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் செய்த டிரோன் அது. நீளம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர், இலை வடிவத்தில் இரண்டு இறக்கைகள், மயிரிழைக் கால்கள். வேவு பார்க்க ஏற்றது என்று அறிமுகப்படுத்தினார்கள். சில நாளில் அந்தக் காட்சி உலகைச் சுற்றி வந்தது. கேலியும் கிலியும் ஒன்றாகவே கிளம்பின. கொசு அடிக்கும் மின்மட்டை இனி தற்காப்புத் தளவாடம்தான் போலும்!

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்கு இது அடியோடு புதிய கதை அல்ல. ஆய்வகத்தில் உருவான கொசுவை அரசே குடியிருப்புக்குள் பறக்கவிட்ட அனுபவம் நமக்கு உண்டு. அந்தக் கொசு கேமராவைச் சுமக்கவில்லை, ஒரு பாக்டீரியாவைச் சுமந்தது. இந்த இரண்டு கொசுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மக்கள் எதற்குப் பயப்படுகிறார்கள், எதைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பது ஓரளவு பிடிபடுகிறது.

முதலில் கடிக்கிற கொசு. இதிலேயே இரண்டு அத்தியாயங்கள் இருக்கின்றன.

2010 டிசம்பர் 21ஆம் நாள், பகாங் மாநிலம் பெந்தோங்குக்கு அருகே ஆள் குடியில்லாத காட்டுப் பகுதியில், டிங்கி ஒழிப்புச் சோதனையாக, மரபணு மாற்றப்பட்ட சுமார் 6,000 ஆண் ஏடிஸ் கொசுக்களைச் சுகாதார அமைச்சின் மருத்துவ ஆய்வுக் கழகம் பறக்கவிட்டது. பிரிட்டனின் ஆக்சிடெக் நிறுவனம் உருவாக்கிய இனம் அது. ஆண் கொசு கடிக்காது. சுற்றிலும் வீடு கிடையாது. தேசிய உயிரியல் பாதுகாப்பு வாரியத்தின் அனுமதியும் இருந்தது. காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பாதுகாப்பான சோதனை இருக்க முடியாது. ஆனால் கொசுக்கள் பறந்துவிட்ட செய்தி பொதுமக்களுக்கு எட்டியது 2011 ஜனவரி கடைசியில்தான். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் கொதித்தெழுந்தன. எங்களிடம் சொல்லாமல் எப்படி விட்டீர்கள் என்ற கேள்விக்கு முன்னால், ஆண் கொசு கடிக்காது என்ற அறிவியல் விளக்கம் எடுபடவே இல்லை.

2017இல் அதே ஆய்வுக் கழகம் மறுபடியும் கொசுவோடு வந்தது. இம்முறை கோலாலம்பூரைச் சுற்றி டிங்கி தீராத இடங்களுக்கே வந்தது. கிராமட் ஏயூ2, ஷா ஆலாம் செக்‌ஷன் 7, பெட்டாலிங் ஜெயாவின் மெந்தாரி கோர்ட் அடுக்குமாடி என்று மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிகள் அவை. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை வாரக்கணக்கில் விட்டார்கள். இந்தப் பாக்டீரியா கொசுவின் உடலில் இருந்தால் டிங்கி கிருமி அங்கே பெருகத் திணறும். தாய்க் கொசுவின் முட்டை வழியாகத்தான் அது அடுத்த தலைமுறைக்குப் போகும். ஆகவே பெண் கொசுக்களையும் விட்டே ஆக வேண்டும். பெண் கொசுவோ கடிக்கும். ஆஸ்திரேலியாவில் பயன்பட்ட பாக்டீரியா வகை கடும் வெயிலில் குன்றிவிடும் என்பதால், நம் ஊர்ச் சூட்டைத் தாங்கும் வேறொரு வகையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கடிக்கிற கொசுவை, குழந்தைகள் விளையாடும் அடுக்குமாடிக்குள் விடுகிறார்கள். பெந்தோங்கோடு ஒப்பிட்டால் பத்து மடங்கு எதிர்ப்பு வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. குடியிருப்பாளர்களைச் சந்தித்து, என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கி, ஒப்புதல் வாங்கிய பிறகே கொசுவை விட்டதுதான் காரணம் என்பேன். டிங்கியில் படுத்து எழுந்தவர்களுக்கு அதன் பயன் என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2019இல் வெளியான முடிவுகளின்படி, கொசு விட்ட இடங்களில் டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்தது. மெந்தாரி கோர்ட்டில் புகை அடிப்பதே தேவையில்லை என்ற நிலை வந்தது. கொசுவோடு மல்லுக்கட்டிய ஒரு குடியிருப்புக்கு அது லேசான விஷயமா?

இனி பார்க்கிற கொசு. உண்மையைச் சொன்னால், அது இன்னும் சரியாகப் பார்க்கப் பழகவில்லை. அமெரிக்க உளவுத்துறை 1970களிலேயே தும்பி வடிவில் ஒரு கருவி செய்தது. எடை 1 கிராம்தான், பறந்தது ஒரு நிமிடம், குறுக்குக் காற்று கொஞ்சம் பலமாக வீசினால் தடுமாறியது, கைவிட்டார்கள். 2011இல் ஏரோவைரன்மெண்ட் நிறுவனம் தேன்சிட்டு வடிவக் கருவி ஒன்றைப் பறக்கவிட்டது. 19 கிராம் எடை, கேமராவும் உண்டு, ஆனால் சில நிமிடங்களுக்குத்தான் மூச்சு. 2013இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் இயந்திரத் தேனீ, மின்சாரம் கொண்டுவரும் மெல்லிய கம்பியின் பிடியிலேயே பறந்தது. இடையூறு ஒன்றேதான்: உடல் சிறுத்தால் பேட்டரியும் சிறுக்கும், ஆனால் படம் பிடித்து அனுப்ப வேண்டிய மின்சாரம் அந்த அளவுக்குச் சிறுப்பதில்லை. கிள்ளானில் மாலை மழைக்கு முன் அடிக்கிற காற்றில் 2 சென்டிமீட்டர் டிரோன் எந்தச் சாக்கடையில் போய் விழுமோ.

இருந்தும் பயம் முந்திக்கொண்டு பறக்கிறது. 2007இல் வாஷிங்டனில் போர் எதிர்ப்புப் பேரணியில் கலந்துகொண்ட சிலர், தலைக்கு மேல் விசித்திரமான தும்பிகள் வட்டமிட்டன, அவை அரசின் வேவுக் கருவிகள் என்றார்கள். பூச்சியியல் வல்லுநர்கள் அவை நிஜத் தும்பிகளாகத்தான் இருக்கும் என்றார்கள். பூச்சி நிஜமா பொய்யா என்பதைவிட, நம்மைப் பார்க்கிறார்கள் என்று நம்ப அந்தக் கூட்டத்துக்குக் காரணம் இருந்தது என்பதையே நான் முக்கியமாக எடுத்துக்கொள்வேன். பெந்தோங்கில் வெடித்ததும், நமக்குச் சொல்லாமல் எதையோ செய்கிறார்கள் என்ற இதே சந்தேகம்தான்.

பூச்சி வேறு வேலைக்கு வரும்போது கதை மாறுகிறது. 2025 மார்ச்சில் மியன்மாரை நிலநடுக்கம் உலுக்கியபோது, சிங்கப்பூர் மீட்புக் குழு முதுகில் கருவி பொருத்திய 10 கரப்பான்களைக் கொண்டு போனது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வில் பிறந்தவை அவை. அவற்றிலும் கேமரா உண்டு, ஆனால் அந்தரங்கம் போயிற்று என்று யாரும் பதறவில்லை. இடிபாட்டுக்குள் உயிரோடு யாராவது இருக்கிறார்களா என்று தேடத்தான் அவை வந்தன என்று எல்லாருக்கும் தெரியும்.

நம் வானத்துக்கு வருவோம். தைப்பூசத்தன்று பத்துமலையை மேலிருந்து எடுத்த படம் வந்தால் ஆசையாகப் பகிர்கிறோம். அதில் நம் முகம் இருக்குமே என்று கவலைப்படுவதில்லை. 2020 மார்ச் 18 தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது போலீசார் டிரோன் விட்டுத் தெருக்களைக் கண்காணித்தார்கள். நோய் பயத்தில் அதையும் பெரிதாக யாரும் எதிர்க்கவில்லை. 2021இல் திரங்கானு போலீசார், 20 மீட்டர் உயரத்திலிருந்து உடல் வெப்பத்தை அளக்கும் டிரோன் விட்டபோதுதான் முணுமுணுப்பு சற்றுக் கூடியது. இவையெல்லாம் பெரிய டிரோன்கள், இரைச்சல் போடுபவை. தலைக்கு மேல் வந்தால் அண்ணாந்து பார்த்துச் சரி, போலீஸ் என்று தெரிந்துகொள்ளலாம். பிரிக்பீல்ட்ஸில் பத்தாவது மாடி வீட்டுச் சமையலறை சன்னல் கம்பியில் உட்கார்ந்திருக்கும் பூச்சியைப் பார்த்து யாருடையது என்று எப்படிச் சொல்வது?

சட்டமும் இங்கேதான் சறுக்குகிறது. 2016ஆம் ஆண்டு வான் போக்குவரத்து விதிகள், கண்காணிப்புக் கருவி பொருத்திய சிறு டிரோன் சம்பந்தமில்லாத ஆளுக்கு 50 மீட்டருக்குள் பறக்க அனுமதி பெற வேண்டும் என்கின்றன. கண்ணுக்குத் தெரிகிற டிரோனுக்குப் பொருத்தமான விதி. கொசு டிரோன் பிறப்பதே அந்த 50 மீட்டருக்குள் நுழையத்தான். அதை யார் அளந்து புகார் கொடுப்பது? 2010இல் சிவராசா ராசையா வழக்கில், அரசமைப்பின் 5ஆம் பிரிவு சொல்லும் தனிமனிதச் சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் கூறியது. நல்ல தீர்ப்பு. அதே 2010இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தன் 3ஆம் பிரிவிலேயே மத்திய, மாநில அரசுகளுக்கு இது பொருந்தாது என்று சொல்லிவிட்டது. 2024இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள், அந்த விலக்கை மட்டும் தொடவில்லை. உங்கள் படத்தைத் தவறாக வைத்திருக்கும் கடைக்காரரை அந்தச் சட்டம் கேள்வி கேட்கும், அரசுத் துறையைக் கேட்காது.

கொசு டிரோன் வர இன்னும் நாளாகலாம். அதற்குள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சுகாதார அமைச்சு மெந்தாரி கோர்ட்டில் ஒரு கொசுவுக்காகப் படியேறி அனுமதி கேட்டது. கேமராவுக்கும் அப்படிக் கேட்க வேண்டும் என்று, ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும் உங்கள் தொகுதி வேட்பாளரிடம் சொல்லுங்கள். 3ஆம் பிரிவைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்றும் கேளுங்கள்.