அண்மைப் புள்ளித் தேடல்

கொடுத்த ஓரிடத்துக்கு மிகப் பக்கத்தில் உள்ள புள்ளிகளை ஒரு தொகுப்பிலிருந்து கண்டெடுக்கும் கணினி வழிமுறை அண்மைப் புள்ளித் தேடல். மென்பொருள் நேர்முகத் தேர்வுகளில் இது 'நியரஸ்ட் நெய்பர்' என்ற பெயரில் கேட்கப்படும்.

திருத்தணியை வைத்துப் பார்ப்போம். அரக்கோணம், நகரி, சோளிங்கர், திருவள்ளூர் ஆகிய நான்கில் நேர்க்கோட்டில் அதற்கு மிக அருகில் உள்ளவை அரக்கோணமும் நகரியும். இவற்றில் நகரி ஆந்திரத்தைச் சேர்ந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு போன திருத்தணி, ம.பொ.சி. முதலானோரின் எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. தமிழ்நாட்டு ஊர்ப்பட்டியலில் மட்டும் தேடும் நிரல், நகரியை விட்டுவிட்டுச் சோளிங்கரைச் சொல்லிவிடும். எல்லைக்கோடு தூரத்தை மாற்றுவதில்லை.

எல்லாத் தூரங்களையும் கணக்கிட்டு வரிசைப்படுத்தினால் விடை வரும். ஆனால் பத்து லட்சம் புள்ளிகளில் ஐந்தே போதுமென்றால் அத்தனையையும் வரிசைப்படுத்துவது வீண்வேலை. ஐந்து இடமுள்ள மேக்ஸ் ஹீப் ஒன்று போதும். அதன் உச்சியில் ஐந்தில் தொலைவானது நிற்கும். அதைவிட நெருங்கிய புள்ளி வந்தால் உச்சியில் உள்ளதை நீக்கிப் புதியதைச் சேர்க்க வேண்டும். ஒப்பிடத் தூரத்தின் வர்க்கமே போதும், வர்க்கமூலம் வேண்டாம். புள்ளிகள் அட்சரேகை, தீர்க்கரேகையாக வந்தால் கவனம் தேவை: திருத்தணி இருக்கும் 13 பாகையில், தீர்க்கரேகையின் ஒரு பாகை சுமார் 108 கி.மீ., அட்சரேகையின் ஒரு பாகை சுமார் 111 கி.மீ.

ஒரே தொகுப்பில் கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தால், ஜான் பென்ட்லி 1975இல் வெளியிட்ட கே-டி மரம் கைகொடுக்கும். அது பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிரித்துக்கொண்டே போகும். தேர்வர் சறுக்கக்கூடிய இடம் இங்கேதான். பிரிகோடு வரையுள்ள தூரம், கையிலிருக்கும் விடையின் தூரத்தைவிடக் குறைவென்றால் கோட்டுக்கு மறுபக்கமும் தேடியாக வேண்டும். இந்தச் சோதனையை எழுதாத நிரலில் நகரி மறுபடியும் தவறிப்போகலாம்.

பரிமாணங்கள் நூற்றுக்கணக்கில் பெருகும்போது கே-டி மரமும் திணறும். படம், சொல் ஆகியவற்றை எண்களாக்கித் தேடும் இன்றைய பணிகள் அப்படிப்பட்டவை. 1998இல் பியோத்ர் இண்டிக்கும், ஜம்முவில் பிறந்து கான்பூர் ஐஐடியில் படித்த ராஜீவ் மோத்வானியும், துல்லியத்தில் சிறிது விட்டுக்கொடுத்து வேகம் பெறும் ஹேஷிங் முறையை முன்வைத்தார்கள். 2019இல் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் ஆய்வாளர்கள் பங்கேற்று உருவாக்கிய டிஸ்க்ஏஎன்என், 64 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் கொண்ட ஒரே கணினியில் 100 கோடி புள்ளிகளுக்குள் தேடிக் காட்டியது. அதன் நிரல் கிட்ஹப்பில் எவரும் எடுத்துப் படிக்கும்படி கிடைக்கிறது. நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள் ஹீப்போடு நின்றுவிடாமல் அதையும் ஒருமுறை வாசித்துவிட வேண்டும்.