பாதத்துக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே

பழைய ஃபோர்டு காரின் கூட்டில் பெரிய இன்ஜினைப் பொருத்தி, தேவையற்ற தகடுகளைக் கழற்றி வீசி, வீட்டுக் கொட்டகையிலேயே உருவாக்கும் கார்களுக்கு அமெரிக்காவில் ஹாட் ராட் என்று பெயர். அவற்றைப் பற்றிய பேச்செல்லாம் இன்ஜினின் பலத்தைச் சுற்றியே நடக்கும். ஓட்டுநரின் பாதத்தையும், காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரையும் இணைக்கும் சில கம்பிகளும் ஸ்பிரிங்குகளும் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் இன்ஜின் சொன்னபடி கேட்குமா என்பது அவற்றின் கையில்தான் இருந்தது.

1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு மாடல் டி காரில் மூன்று பெடல்கள் உண்டு. மூன்றில் ஒன்றுகூட ஆக்சிலரேட்டர் கிடையாது. இடப்பக்கம் கிளட்ச், நடுவில் பின்னோக்கிச் செல்வதற்கான பெடல், வலப்பக்கம் பிரேக். வேகத்தைக் கூட்ட, ஸ்டீயரிங்குக்குக் கீழே வலப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நெம்புகோலை விரலால் நகர்த்த வேண்டும். நகர்த்திய இடத்திலேயே அது நிற்கும். கையை எடுத்தாலும் வேகம் குறையாது. காரை ரேஸுக்குத் தயார் செய்தவர்களுக்கு இது ஒத்துவரவில்லை. காலால் மிதிக்கும் ஆக்சிலரேட்டரைத் தனியாக வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அடுத்து வந்த மாடல் ஏ காரில் ஃபோர்டே காலுக்கு ஒரு பொத்தானைக் கொடுத்தது. பெரிய நாணயம் அளவுள்ள அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில், பாதம் நடுங்காமல் ஊன்றிக்கொள்ள ஒரு தாங்கியும் இருந்தது.

பெடல் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதில்கூட நெடுங்காலம் ஒற்றுமை இல்லை. 1920களின் பென்ட்லி கார்களிலும், 1950களின் மசெராட்டி 250எஃப் ரேஸ் காரிலும் ஆக்சிலரேட்டர் நடுவில் இருந்தது, பிரேக் வலப்பக்கம். பழகாதவர் அதில் ஏறி உட்கார்ந்தால் ஆபத்துதான்.

1932இல் ஃபோர்டு கார்களில் வி8 இன்ஜின் வந்தது. 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன். கலிஃபோர்னிய இளைஞர்கள் அந்தக் கார்களை மொஹாவி பாலைவனத்து மியூராக் வறண்ட ஏரிக்கு ஓட்டிச் சென்று வேகம் பார்த்தார்கள். பந்தயங்களை ஒழுங்குபடுத்த 1937இல் தென் கலிஃபோர்னியா டைமிங் சங்கம் பிறந்தது. அதற்கடுத்த ஆண்டு ஹாட் ராட் ஆர்வலர் விக் எடல்பிராக், இரண்டு கார்புரேட்டர்களைத் தாங்கி அவற்றை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டு என்ற குழாய்த் தொகுதியைச் செய்தார். பாதத்தின் வேலை சிக்கலானது அதற்குப் பிறகுதான்.

காரணம் இது: கார்புரேட்டரின் காற்றுப் பாதையை ஒரு வட்டத் தகடு அடைத்துக்கொண்டு நிற்கிறது. பெடலை மிதித்தால் அது திரும்பி வழிவிடும். இரண்டு கார்புரேட்டர்களில் ஒன்றின் தகடு முந்திக்கொண்டால் இன்ஜின் உதறும். மூன்று கார்புரேட்டர்களை வரிசையாக வைத்தவர்கள் வேறு வழி கண்டார்கள். இணைப்புக் கம்பியில் நீளமான துளை போட்டு, நடுவில் இருப்பதை முதலில் திறக்கவிட்டார்கள். அது பாதி திறந்த பிறகுதான் ஓரத்தில் உள்ள இரண்டும் அசையத் தொடங்கும். கடைசியில் மூன்றும் ஒன்றாக முழுமையாகத் திறக்கும். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது ஒரு கார்புரேட்டரே போதும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பழைய கூடுகளில் புது இன்ஜின்கள் நுழைந்தன. 1949இன் காடிலாக் வி8, 1955இன் செவர்லே வி8 ஆகியவை ஃபோர்டின் கூட்டுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கார்புரேட்டர் வேறிடத்தில் இருந்தது. பழைய கம்பி எட்டவில்லை. ஒவ்வொரு காருக்கும் புதிதாக அளவெடுக்க வேண்டியிருந்தது. பெடலின் கை 8 அங்குலம், அதன் மறுமுனைக் கை 4 அங்குலம் என்றால், பாதம் 3 அங்குலம் இறங்கும்போது கம்பி ஒன்றரை அங்குலம் நகரும். நகர்வு குறைந்தால் தகடு முழுதாகத் திறக்காது. கூடினால் லேசாகத் தொட்டாலே கார் பாயும். பெடலுக்குக் கீழே தரையில் ஒரு தடுப்பும் வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தும் காலின் பலம் முழுவதும் கார்புரேட்டரின் மெல்லிய தண்டின் மீது இறங்கி அதை வளைத்துவிடும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. ரப்பர் தாங்கிகளில் அமர்ந்த இன்ஜின், மிதித்ததும் ஒரு பக்கமாகச் சாயும். விறைப்பான கம்பியும் அதனோடு இழுபடும். ஓட்டுநர் காலை அசைக்காமலே வேகம் ஏறி இறங்கும். கேபிள் இதற்குத் தீர்வானது. பைக்கில் இருப்பதைப் போன்ற கேபிள்தான். அதன் உறையின் ஒரு நுனியை இன்ஜினிலேயே பொருத்திவிட்டால், இன்ஜின் ஆடினாலும் உள்ளிருக்கும் கம்பி இழுபடாது. பிற்காலத்தில் டென்னஸ்ஸியின் நாக்ஸ்வில் நகரத்து லோக்கார் போன்ற நிறுவனங்கள் எஃகுப் பின்னல் போர்த்திய கேபிள்களையும் பெடல்களையும் விற்பனைக்கே கொண்டுவந்தன.

அழகுக்கும் இங்கே குறைவில்லை. 1930களின் ஃபோர்டு காரில் இருந்த கரண்டி வடிவப் பெடலை இன்றும் தேடி வாங்குகிறார்கள். கலிஃபோர்னியாவில் டீன் மூன் நடத்திய நிறுவனம் வெறுங்கால் வடிவத்திலேயே, ஐந்து விரல்களோடு, அலுமினியப் பெடலை வார்த்து விற்றது.

இத்தனைக்கும் நடுவில் நல்ல கைவினைஞர்கள் கைவிடாத கவலை ஒன்றுதான்: காலை எடுத்தால் தகடு மூட வேண்டும். அதனால்தான் கார்புரேட்டரில் ஒரு ஸ்பிரிங் போதும் என்று தெரிந்தும் இரண்டு மாட்டினார்கள். ஒன்று அறுந்தால் இன்னொன்று இழுத்து மூடும். ரேஸ் கார்களில் சிலர் பெடலின் மேல் விரல் நுழையும் வளையம் வைத்தார்கள். பெடல் சிக்கிக்கொண்டால் பாதத்தாலேயே மேலே தூக்கிவிடலாம்.

1987இல் வந்த பிஎம்டபிள்யூ 750 காரில் பாதத்துக்கும் இன்ஜினுக்கும் இடையே கேபிள் இல்லை, மின்கம்பிகள் மட்டுமே. இன்றைய கார்கள் பெரும்பாலும் அப்படித்தான். அவற்றின் பெடலிலும் பாதத்தின் நிலையை அளக்க ஒரு சென்சாருக்குப் பதில் இரண்டு இருக்கின்றன. இரண்டின் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால், கணினி இன்ஜினின் வேகத்தைத் தானே குறைத்துவிடும்.