யார் கணக்கில் எழுதுவது? பேராக் தோட்டப்புறத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளின் மருத்துவச் செலவு, 1912–2025

முன்னுரை

பேராக் தோட்டங்களின் வரலாற்றில் கங்காணி முறை, கூலிப் போராட்டம், தமிழ்ப்பள்ளி, தொழிற்சங்கம் ஆகியவை ஓரளவு விரிவாகவே பதிவாகியுள்ளன. நடக்கவோ கேட்கவோ பேசவோ இயலாத பிள்ளை ஒரு லயத்து வீட்டில் பிறந்தபோது அதன் வைத்தியச் செலவு யார் தலையில் விழுந்தது என்பது அவற்றில் அரிதாகவே பேசப்படுகிறது. அந்தச் செலவு தோட்ட நிர்வாகம், தொண்டு அமைப்பு, அரசு என்று கைமாறிய விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பணம் பிள்ளையைத் தேடி வந்ததில்லை. தொழிலாளியின் பிள்ளை, பள்ளியில் பதிந்த மாணவர், வரி கட்டுபவரின் பிள்ளை என்று ஏதேனும் ஒரு தகுதியின் வழியாகவே அது வந்தது. தகுதி கைநழுவியபோது பணமும் நழுவியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உழைப்புக்கான மருத்துவம்: 1912–1941

மலாய் ஐக்கிய மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், அதை விரித்தெழுதிய 1923ஆம் ஆண்டுச் சட்டமும் தோட்டத்து மருத்துவத்தை முதலாளியின் கடமையாக்கின. மருத்துவமனை வசதி, மருந்து, குழந்தைக் காப்பகம், பள்ளி எல்லாம் தோட்டக் கணக்கில் எழுதப்பட்டன. சிறு தோட்டங்கள் பல சேர்ந்து ஒரு கூட்டு மருத்துவமனையை நடத்தின. அன்றாட வைத்தியம் டிரெசர் எனப்பட்ட மருத்துவ உதவியாளரின் கையில் இருந்தது. தாய்மார் பால்மரம் சீவப் போன பொழுதில் பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் இருந்தார்கள்.

இந்த ஏற்பாட்டின் நோக்கம் தெளிவானது. மலேரியாவாலும் வயிற்றுக்கடுப்பாலும் ஆள் சாய்ந்தால் பால் வெட்டு நிற்கும். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக ஆள் கொண்டுவரச் செலவாகும். ஆகவே காய்ச்சலுக்குக் கொயினா இருந்தது, காயத்துக்குக் கட்டு இருந்தது. இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய பிள்ளைக்கு ஆண்டுக்கணக்கில் தர வேண்டிய பயிற்சிக்கு அந்தக் கணக்கில் தலைப்பே இல்லை.

1907இல் தொடங்கிய குடியேற்ற நிதியிலும் இதே தர்க்கத்தைக் காணலாம். தோட்டங்கள் தலைக்கு இவ்வளவு என்று செலுத்திய அந்தப் பணம் ஆள் கொண்டுவரப் பயன்பட்டது. உழைக்க இயலாதவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பவும் பயன்பட்டது. உடல் தளர்ந்தவருக்கு அந்த அமைப்பு பெரும்பாலும் கொடுத்த பதில் கப்பல் சீட்டுதான்.

மாற்று வழி ஒன்று முளைக்காமல் இல்லை. 1926இல் வந்த சுகாதார வாரியச் சட்டம் தோட்டங்களிடம் தீர்வை வாங்கிப் பொது நிதியில் மருத்துவம் நடத்த முனைந்தது. தோட்ட முதலாளிகள் செலவைக் காட்டி எதிர்த்தார்கள். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது திட்டம் கைவிடப்பட்டது. பிள்ளையின் வைத்தியத்தைத் தோட்டத்தின் லாப நட்டத்திலிருந்து பிரித்திருக்கக்கூடிய முதல் வாய்ப்பு அத்துடன் போயிற்று. இந்திய அரசின் சார்பில் 1936 இறுதியில் மலாயா வந்து தோட்டங்களைப் பார்வையிட்ட வி. எஸ். சீனிவாச சாஸ்திரியின் அறிக்கையும் தொழிலாளர் நிலை பற்றியதுதான். விவாதமே கூலியைச் சுற்றி அமைந்த காலம் அது.

இதே மாநிலத்தில், ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தானில், 1911இல் மத்திய மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. ஊனத்தை முன்னிட்டுக் காலனி அரசு பேராக்கில் செய்த பெருஞ்செலவு, மக்களை ஒதுக்கிக் காக்கும் ஒரு நிறுவனத்துக்கே போனது. பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளிகள் வேறிடங்களில், பின்னாளில் வந்தன: பார்வையற்றோருக்கு ஜொகூர் பாருவில் 1948இல், காது கேளாதோருக்குப் பினாங்கில் 1954இல். பேராக் தோட்டத்துப் பிள்ளை படிக்க வேண்டுமானால் வீட்டைவிட்டுப் போக வேண்டியிருந்தது.

வேலிக்கு இருபுறமும்: 1957–1980

விடுதலை பெற்ற மலாயாவின் தொடக்கக் காலச் சுகாதார அமைச்சர் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் (1957–59). அப்போது நாடெங்கும் விரிந்துகொண்டிருந்த ஊரகச் சுகாதாரத் திட்டம், 50,000 பேருக்கு ஒரு தலைமை நிலையம், அதன்கீழ் துணை நிலையங்கள், அவற்றின்கீழ் மருத்துவச்சி நிலையங்கள் என மூன்றடுக்காக அமைந்தது. தாய் சேய் நலத்தில் மலேசியா பின்னாளில் பெற்ற நற்பெயருக்கு இதுவே அடித்தளம்.

ஆனால் தோட்டம் தனியார் நிலம். அங்குள்ளோரின் நலம் முதலாளியின் பொறுப்பு என்ற காலனி கால ஏற்பாடு அப்படியே நீடித்தது. 1965ஆம் ஆண்டின் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டமும், 1966ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டமும் அதை மறு உறுதி செய்தன. கம்பம் எனப்படும் மலாய்க் கிராமத்துக்குள் அரசு மருத்துவச்சி சைக்கிளில் வந்தார். தோட்ட வேலியை ஒட்டி அரசின் பொறுப்பு பெரும்பாலும் நின்றுவிட்டது.

அதே காலத்தில் தோட்டங்களும் கரைந்தன. ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினார்கள். 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலைப் பொருளியலாளர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்தார். தோட்டத்தைத் தொழிலாளரே வாங்கும் முயற்சியாகச் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டான தோட்டத்தில் கூட்டு மருத்துவமனைக்குப் பங்கு கட்ட ஆளில்லை. டிரெசர் போனார், ஆயாக் கொட்டகை மூடியது. கீழ்ப்பேராக்கில் ஜெண்டராட்டா போன்ற பெருந்தோட்டங்கள் சொந்த மருத்துவமனையைத் தொடர்ந்து நடத்தின. எனினும் எந்தத் தோட்டத்தில் பிறந்தோம் என்பதே பிள்ளையின் வைத்தியத்தைத் தீர்மானிக்கும் நிலை அதனால் மாறவில்லை.

1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்னொரு தடையைச் சேர்த்தது. குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானதும் ஆயிரக்கணக்கானோர் இந்தியா திரும்பினர். தங்கியவர்களில் பலர் குடியுரிமை இல்லாதோருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நின்றனர். பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளைகள் அடுத்த தலைமுறைக்கும் தொடர்ந்தனர். குடிமக்களுக்குப் பெயரளவுக் கட்டணத்தில் கிடைக்கும் அரசு மருத்துவம் தாள் இல்லாத பிள்ளைக்கு முழு விலையில்தான் கிடைக்கும்.

இந்த இருண்ட படத்துக்கு மறுபக்கமும் உண்டு. 1972இல் இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்து தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. 1980களில் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் சிசுக்களுக்கு ஜி6பிடி குறைபாட்டுப் பரிசோதனை பரவியது. அந்தக் குறைபாட்டால் வரும் சிசு மஞ்சள் காமாலை முற்றி மூளையைத் தாக்கினால் பெருமூளை வாதமும் செவிட்டுத்தன்மையும் வரும். அதைத் தடுக்க முடிந்தது. தோட்ட எல்லை பாராமல் செலவிட்டபோது ஊனம் குறைந்தது என்பதற்கு இவை சான்று. ஆனால் தடுப்புக்கு ஒதுக்கிய பணம், ஏற்கெனவே பிறந்துவிட்ட பிள்ளையின் பராமரிப்புக்கு ஈடாகாது.

தொண்டும் சமூக மையமும்: 1981–2008

1981 அனைத்துலக ஊனமுற்றோர் ஆண்டு. அதையொட்டி ஈப்போவில் சுல்தான் இட்ரிஸ் ஷா அறக்கட்டளை எழுந்தது. பிள்ளைகளுக்கு இயன்முறை சிகிச்சை அளிக்கும் பணியில் இறங்கியது. ஈப்போ அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவப் பிரிவின் தலைவராக நெடுங்காலம் பணியாற்றிய டாக்டர் அமர்சிங், பிள்ளையின் தொடக்க ஆண்டுகளிலேயே பயிற்சி தொடங்க வேண்டும் என்று தொடர்ந்து குரல்கொடுத்தார்.

1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் சமூகநலத் துறை தொடங்கிய சமூக மறுவாழ்வுத் (பி.டி.கே.) திட்டம் நாடெங்கும் பரவி, இன்று 500க்கு மேற்பட்ட பி.டி.கே. மையங்களாக வளர்ந்துள்ளது. வீட்டுக்குப் பக்கத்திலேயே பயிற்சி என்ற அதன் கருத்து தோட்டப்புறத்துக்கு மிகப் பொருத்தமானது. நடைமுறையில் மையத்தின் தரம் உள்ளூர்க் குழுவின் ஊக்கத்தைப் பொறுத்தது. பணியாளர்கள் பெரும்பாலும் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் அல்லர். அந்த நிபுணர்கள் சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். மையமோ மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின்கீழ் வருகிறது.

மூன்றாவது கணக்கு கல்வி அமைச்சினுடையது. 1997ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிகள், பிறர் உதவியின்றித் தன்னைக் கவனித்துக்கொள்ளக்கூடிய பிள்ளையையே கல்விக்கு ஏற்றவராகக் கருதின. பல்வகைக் குறைபாடும் கடும் அறிவுத்திறன் குறைபாடும் உடைய பிள்ளைகள் விலக்கப்பட்டனர். அதிக உதவி தேவைப்பட்ட பிள்ளைக்குத்தான் கதவு அடைந்தது.

இதே ஆண்டுகளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. குடும்பங்கள் சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், ஈப்போ புந்தோங் வட்டாரங்களின் மலிவு வீடுகளுக்கு நகர்ந்தன. தோட்டக் கணக்கிலிருந்து பெயர் அடிபட்டது. அரசுக் கணக்கில் தானாக ஏறவில்லை.

உரிமைச் சட்டமும் உதவித்தொகையும்: 2008–2025

2008 ஜூலையில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மருத்துவம், கல்வி, போக்குவரத்து ஆகியவற்றை அது உரிமையாகப் பேசுகிறது. ஆனால் உரிமையை மறுத்தவருக்குத் தண்டனை இல்லை. 41, 42ஆம் பிரிவுகள் அரசு மீது வழக்குத் தொடுப்பதற்கு எதிரான பாதுகாப்பைத் தருகின்றன. 2010இல் மலேசியா மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றபோதும் 15, 18ஆம் விதிகளை விலக்கியே ஏற்றது. 18ஆம் விதி குடியுரிமையும் பிறப்புப் பதிவும் தொடர்பானது.

மாற்றுத்திறனாளியாகப் பதிந்து ஓகேயூ அட்டை வைத்திருப்போருக்கு அரசு மருத்துவமனைகளில் கட்டண விலக்கு உண்டு. ஆயினும் பதிவு கட்டாயமில்லை. மக்கள்தொகையில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரே பதிந்துள்ளனர். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, 2 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 4.7 விழுக்காட்டினருக்குச் செயல்பாட்டுக் குறைபாடு இருப்பதாகக் கண்டது. எண்ணப்படாத பிள்ளைக்கு ஒதுக்கீடும் இல்லை.

உதவித்தொகைகளின் அமைப்பு மேலும் தெளிவானது. 2021 முதல், வேலை செய்யும் மாற்றுத்திறனாளிக்கு மாதம் 450 ரிங்கிட், வேலை செய்ய இயலாதவருக்கு 300, படுத்த படுக்கையானவரைப் பராமரிப்போருக்கு 500. சிறப்புக் கல்வி மாணவருக்கும் பி.டி.கே. பயிற்சியாளருக்கும் மாதம் 150. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது; 150 ரிங்கிட் அதில் பதினொன்றில் ஒரு பங்குகூட இல்லை. சிகிச்சைக்கு மிக உகந்த பருவமான பள்ளிக்கு முந்திய வயதில், பி.டி.கே.யில் சேராத, படுக்கையிலும் கிடக்காத பிள்ளைக்கு மாற்றுத்திறனை முன்னிட்ட தொகை பெரும்பாலும் இல்லை.

வரிச்சலுகை வேறொரு கதை. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் போன்றவற்றின் பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் 2023இல் 4,000 ரிங்கிட் வரை வரிவிலக்கு வந்தது; 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது 6,000 ஆனது. மாற்றுத்திறன் பிள்ளைக்கான கழிவு 6,000இலிருந்து 8,000 ஆக உயர்ந்தது. வசூலிக்காமல் விட்ட வரியும் அரசின் செலவுதான். ஆனால் குறைந்தபட்சச் சம்பளக்காரர் வருமான வரி வரம்புக்குள்ளேயே வருவதில்லை. தனியார் மையத்தில் பணம் கட்டக்கூடிய பெற்றோருக்கு அரசு தோள் கொடுக்கிறது. பழைய தோட்டக் குடும்பத்துக்கு அந்த வழி திறப்பதே இல்லை.

அந்தக் குடும்பத்தின் உண்மையான செலவு மருத்துவமனைக் கட்டணமன்று. சுங்கை சிப்புட்டிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஈப்போவுக்கு வண்டி, கூட வரும் தாயின் ஒருநாள் சம்பளம், அடுத்த தவணைக்கான நீண்ட காத்திருப்பு. இலவச சிகிச்சை என்ற அறிவிப்பு இவற்றில் ஒன்றையும் குறைப்பதில்லை.

மொத்த நிதியும் குறுகியது. 2025க்கான 421 பில்லியன் ரிங்கிட் வரவுசெலவுத் திட்டத்தில் சுகாதார அமைச்சுக்கு 45.3 பில்லியன். நாட்டின் மருத்துவச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் குடும்பங்களின் கைக்காசு. பொதுச் சுகாதாரச் செலவை உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காடாக்குவது 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கையின் இலக்கு. 2008 முதல் 2018 வரை சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜ், அரசு மருத்துவமனைகளுக்குக் கூடுதல் நிதி வேண்டும் என்று நெடுங்காலமாக வலியுறுத்தியவர்.

முடிவுரை

1926இல் தோட்டங்கள் மறுத்த பொது நிதி, 1957க்குப்பின் வேலியில் நின்ற அரசு, 1997இல் கடும் குறைபாட்டை விலக்கிய பள்ளி, இன்றைய வரிக்கழிவு ஆகிய நான்கிலும் பிள்ளையின் தேவைக்கு முன்னால் வேறொரு நிபந்தனை நிற்கிறது. ஆகவே ஒதுக்கீட்டைக் கூட்டுவது மட்டும் போதாது. கூடுதல் பணம் இதே வழிகளில் பாய்ந்தால் ஏற்கெனவே பெறுபவரிடமே மீண்டும் சேரும்.

மூன்று அமைச்சுகளுக்கும் பொதுவாகப் பிள்ளையின் பெயரில் தொடரும் ஒரே நிதிக் கணக்கு, மாவட்டச் சுகாதார நிலையங்களிலும் பி.டி.கே. மையங்களிலும் நிரந்தரச் சிகிச்சையாளர் பணியிடங்கள், பயணச் செலவு, குடியுரிமைத் தாளுக்குக் காத்திராத குழந்தை மருத்துவம் என்ற வரிசையில் முன்னுரிமை அமைய வேண்டும். வெள்ளை அறிக்கையின் 5 விழுக்காடு எட்டப்படுகிறதா என்பதோடு, அதில் எவ்வளவு இந்த நான்குக்கும் போகிறது என்பதையும் ஆண்டுதோறும் மாநில வாரியாக வெளியிட்டால்தான், பேராக்கில் நூறாண்டுக்கு மேலாகத் தொடரும் இந்தக் கைமாற்றம் முடிந்ததா என்று சொல்ல முடியும்.