எட்டும் ஆயிரமும்: ஆம்பூர் வட்டார மும்மொழி எண்ணுப்பெயர்களின் உறவு

முன்னுரை

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களைக் கொண்ட தோல் தொழில் வட்டாரத்தில் தமிழும் உருதும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. பச்சைத் தோலை உருப்படிக் கணக்கிலும் பதனிட்ட தோலைச் சதுர அடிக் கணக்கிலும் விற்கும் இவ்வட்டாரத்தின் எண்ணுப்பெயர்கள் இரு மொழிக் குடும்பங்களைச் சார்ந்தவை. ஒலியொப்புமை மட்டுமே உறவுக்குச் சான்றாகாது என்பதை அவற்றைக் கொண்டு இக்கட்டுரை நிறுவுகிறது.

இரு குடும்பங்கள்

சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஆகியவை ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்னும் கருத்தை 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் முன்வைத்தார். உருதும் அக்குடும்பத்ததே. அதன் ‘தோ’, ‘தஸ்’ என்பவை லத்தீனில் ‘துவோ’, ‘தெக்கெம்’ என்றும், ஆங்கிலத்தில் ‘டூ’, ‘டென்’ என்றும், ஜெர்மனில் ‘ட்ஸ்வை’, ‘ட்ஸேன்’ என்றும் அமைகின்றன. இரண்டிலும் பத்திலும் முதலொலி ஒரே முறையில் மாறுவதே உறவுக்குச் சான்று. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816இல் எல்லிஸ் எடுத்துக்காட்டினார். 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கண நூலில் எண்ணுப்பெயர்களையும் ஒப்பிட்டு அதனை விரித்தார். தமிழ் ‘இரண்டு’, ‘மூன்று’, ‘பத்து’ ஆகியவற்றுக்குத் தெலுங்கின் ‘ரெண்டு’, ‘மூடு’, ‘பதி’ இணையாவன.

எட்டு

‘எட்டு’ என்பது உருது ‘ஆட்’, சமஸ்கிருத ‘அஷ்ட’, லத்தீன் ‘ஒக்தோ’ ஆகியவற்றை ஒத்து ஒலிக்கிறது. எனினும் ‘எண்பது’, ‘எண்ணூறு’ என்னும் வடிவங்களில் ‘எண்’ என்பதே அடியாக நிற்கிறது. கன்னட ‘எண்டு’, தெலுங்கு ‘எனிமிதி’ ஆகியவற்றிலும் மெல்லொலி காணப்படுகிறது. எட்டின் ஒற்று ணகரமாகத் திரியும் எனத் தொல்காப்பியம் கூறும். வரலாற்று நோக்கில் ணகர வடிவமே முந்தியது. ஆகவே இவ்வொப்புமை தற்செயலானது.

ஆயிரம்

‘ஆயிரம்’, உருது ‘ஹஸார்’ ஆகிய இரண்டும் ஒலியால் வேறுபட்டவை; ஆயினும் தொடர்புடையவை. ‘ஹஸார்’ பாரசீகச் சொல்; அது சமஸ்கிருத ‘ஸஹஸ்ர’ என்பதோடு ஒரே மூலத்தது. அந்த ‘ஸஹஸ்ர’ பிராகிருத வழியாகத் தமிழில் ‘ஆயிரம்’ ஆயிற்று என்பது மொழியியலார் கொள்கை. ‘சிராவண’ என்பது ‘ஆவணி’ ஆனதுபோல முதல் சகரம் இங்கும் மறைந்தது. கன்னட ‘சாவிர’ அதனைக் காத்துள்ளது. சங்க இலக்கியத்திலேயே ‘ஆயிரம்’ பயில்வதால் இக்கடன் உருதுத் தொடர்புக்கு மிக முற்பட்டது. தெலுங்கு ‘வெயி’ என்னும் தன் சொல்லையே கொண்டுள்ளது.

முடிவுரை

ஒத்தொலிக்கும் எட்டு உறவற்றது. வேறுபட்டொலிக்கும் ஆயிரம் கடன்வழி உறவுடையது. அண்மையில் வழங்கும் மொழிகளை ஒப்பிடுவோர் ஒலிமாற்ற முறைமையையும் சொல் வந்த வழியையும் ஆராய்ந்தே உறவைத் துணிதல் வேண்டும்.