யுத்த நிருபரும் யுத்த தர்மமும்

பெங்களூருக்குக் கிழக்கே அமைந்த வைட்ஃபீல்டில், பிழைப்பின் பொருட்டு வந்து குடியேறிய தமிழர்களாகிய நாமும் பலர் வாழ்கின்றோம். 1882-ஆம் ஆண்டில் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் அளித்த நிலத்தில், ஆங்கிலோ இந்தியருக்காக எழுந்த குடியிருப்பே இவ்வூர். இங்கிருந்த பழைய வேவர்லி விடுதிக்கு வின்ஸ்டன் சர்ச்சில் வந்து போனதாக உள்ளூரார் சொல்வதுண்டு. அது எவ்வாறாயினும், 1896 முதல் அவர் பெங்களூர்த் தண்டில் குதிரைப்படை அதிகாரியாக இருந்தது வரலாறு.

அங்கிருந்தே அவர் 1897-இல் வடமேற்கு எல்லைப்புறத்து மாலகண்ட் போருக்குச் சென்றார். லண்டன் 'டெய்லி டெலிகிராப்', அலகாபாத் 'பயனீர்' ஆகிய பத்திரிகைகளுக்கு எழுதினார், சண்டையிலும் ஈடுபட்டார். எழுதுகோலும் வாளும் ஒரே கையில் இருந்த காலம் அது.

இதனால் விளையும் சிக்கலை அவரே பின்னர் அனுபவித்தார். 1899 நவம்பர் 15 அன்று தென்னாப்பிரிக்காவில், 'மார்னிங் போஸ்ட்' நிருபராக அவர் சென்ற கவச ரயிலைப் போயர்கள் தாக்கினர். தடம் புரண்ட பெட்டிகளை அகற்றி எஞ்சினை மீட்கும் பணியை முன்னின்று நடத்திய சர்ச்சில் பிடிபட்டார். தாம் நிருபர் என்றும், தம்மை விடுவிக்க வேண்டும் என்றும் வாதாடினார். அவர் செய்தது போர்வீரனின் வேலை என்று போயர்கள் கருதினர். ஆயினும் அவரைக் கைதியாகவே வைத்திருந்தனர், கொல்லவில்லை. ஆதலால் வாதாட அவர் உயிரோடிருந்தார். பிரிட்டோரியாவிலிருந்து தப்பியும் சென்றார்.

அதே 1899-இல் ஹேக் நகரில் உருவான போர்விதிகள், ராணுவத்தின் அத்தாட்சியோடு செல்லும் நிருபர் பிடிபட்டால் போர்க்கைதிக்குரிய முறையில் நடத்தப்பட வேண்டும் என்றன. 1977-ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் நெறிமுறை, போரில் ஈடுபடாத நிருபர்களைப் பொதுமக்களாகவே கருதவேண்டும் என்றது. போர்வீரரே ஆயினும், சரணடைந்தவரைக் கொல்லலாகாது என்பது இரண்டுக்கும் பொதுவான தர்மம்.

நம் காலத்து வழக்குகளை இந்த உரைகல்லில் வைத்துப் பார்ப்போம். 2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானத்து ஸ்பின் போல்டக்கில், ஆப்கன் சிறப்புப் படையினருடன் சென்ற ராய்ட்டர்ஸ் புகைப்பட நிருபர் டேனிஷ் சித்திகி உயிரிழந்தார். இந்தியரான அவர், இருதரப்புச் சூட்டில் சிக்கி மாண்டார் என்றனர் தாலிபான்கள். பிடித்து வைத்து, நிருபர் என்று அறிந்தே கொன்றனர் எனக் குற்றஞ்சாட்டி, பெற்றோர் 2022 மார்ச்சில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் முறையிட்டனர்.

2009 மே மாதத்தில், ஈழப் போரின் இறுதியில் மாண்ட இசைப்பிரியா, விடுதலைப் புலிகளின் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர். அவர் புலிப்படை அதிகாரி என்றும் சண்டையில் மாண்டார் என்றும் இலங்கைப் பாதுகாப்பு அமைச்சகம் கூறிற்று. அவர் ராணுவத்தினரின் கையில் உயிரோடிருந்த காட்சி என்று ஒரு படத்தைப் பிரிட்டனின் சானல் 4 தொலைக்காட்சி 2013-இல் வெளியிட்டது. இலங்கைத் தரப்பு அதனை மறுத்தது. அவர் செய்தியாளரா, படையினரா என்று பலரும் வாதிடுகின்றனர். கைதியாயிருந்த பின் கொல்லப்பட்டார் என்று மெய்ப்பட்டால், அவ்வாதத்தில் எத்தரப்பு வென்றாலும் கொலை நியாயமாகிவிடாது.

இத்தகைய வழக்குகளில் விசாரணை வீண் என்று எண்ண வேண்டா. 1975 அக்டோபர் 16 அன்று கிழக்குத் திமோரின் பாலிபோவில், ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி நிறுவனங்களின் செய்தியாளர் ஐவர் மாண்டனர். இருதரப்புச் சூடே காரணம் என்றது இந்தோனேசியா. 32 ஆண்டுகள் கழிந்தபின், 2007-இல், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில மரண விசாரணை அதிகாரி சாட்சிகளை விசாரித்து, இந்தோனேசியப் படையினர் வேண்டுமென்றே கொன்றனர் என முடிவு கூறினார். இந்தோனேசியா அதனை ஏற்கவில்லை. ஆயினும் சாட்சியம் ஏட்டில் ஏறிவிட்டது.

சுட்டவர் யார், நிருபர் என்று அறிந்து சுட்டாரா, அவ்வேளையில் அவர் பிடிபட்டிருந்தாரா என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை காணும் முன்னர், எத்தரப்பின் கூற்றையும் நாம் முடிவாகக் கொள்ளலாகாது. சொந்த ஊரின் சேதியைக்கூடப் பிறர் எழுத்தின் வழியாகவே அறிந்து வாழும் நமக்கு, எழுதச் சென்றவர் எவ்வாறு மாண்டார் என்று கேட்கும் கடமை சற்று அதிகமாகவே உண்டு.